இடது கண்ணாடியில் ஒரு நீல மணி

ஆயில் மூடியைத் திருகி எடுத்ததும் விஹ்ராவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிறகு யார் கேட்டபோதும் அதை அவள் மறுக்கவில்லை.

மூடியின் உட்புறம் வெள்ளையாகப் பூசியிருந்தது. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டால் மூடியில் இப்படி ஒரு கலங்கல் ஒட்டும். இன்ஜினைப் பிரித்துப் போடாமல் தீராத நோய் அது. பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

ஞாயிறு, காலை ஒன்பது. ட்ரோயன் ஊரின் மேற்குக் கடைசியில் ஒக்னியானின் வீட்டு முற்றம். கொட்டகை வாசலில் நின்றது அந்தக் கருநீல வண்டி. இரு பக்கமும் பெட்டி, அகலமான பின் இருக்கை, காற்றைத் தடுக்க முன்னால் உயர்ந்த கண்ணாடித் தடுப்பு. ஒரு வாரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காத நெடும்பயண வண்டி. விற்பவர் ஒக்னியான், மரப்பட்டறைக்காரர், ஐம்பது தாண்டியவர். வாங்குபவள் சோர்னிட்சா, ஊரின் பல் டாக்டர். தோட்டச் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பிசேர் பழைய வண்டிகளை வாங்கி விற்பவன். இவள் வேண்டாம் என்றால் அள்ளிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். சமையலறை வாசலில் ஒக்னியானின் மனைவி ஸ்டாங்கா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாத் தட்டோடு நின்றாள்.

விஹ்ரா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டிச் சேதம் மதிப்பிடுகிறவள். ஊரில் யார் பழைய வண்டி வாங்கினாலும் அவளைக் கூப்பிட்டுக் காட்டாமல் வாங்குவதில்லை. இன்று கூப்பிட்டது சோர்னிட்சா. அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த வண்டியை ஆறு வருடமாக விஹ்ரா மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் கிளப்போடு மலைக்கணவாய் ஏறும்போதெல்லாம் அவளுடைய கிழட்டு வண்டி இருமிக்கொண்டு பின்னால் வரும், முன்னால் இது வளைவுகளில் சத்தமில்லாமல் சாய்ந்து போகும். "விக்கிறப்ப உங்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்" என்று ஒக்னியான் சொல்லியிருந்தார். சொல்லவும் செய்தார். பாங்கில் கடன் கேட்டு விஹ்ரா காத்திருந்த நாட்களில், சோர்னிட்சா ஒரே ஒரு போனில் விலையை முடித்துவிட்டாள். யாரிடமும் கடன் கேட்காமல் ஆசைப்பட்டதை வாங்குகிறவர்களைப் பார்த்தாலே விஹ்ராவுக்கு ஆகாது. தான் ஆசைப்பட்ட வண்டியைத் தானே பரிசோதித்து, நல்ல வண்டி என்று இன்னொருத்திக்குச் சான்று கொடுக்க வேண்டும். இதைவிடக் கேவலம் உண்டா?

பரிசோதனை முழுவதும் எரிச்சல் ஏறிக்கொண்டேதான் போனது. வண்டிச் சட்டகத்தில் பொறித்த எண் பத்திரத்தோடு ஒத்துப்போனது. டயரில் தயாரித்த வாரமும் வருடமும் இருந்தன, டயர் புதிது. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் அது போய் முட்டும் இரும்பு நசுங்கியிருக்கவில்லை, அதனால் வண்டி பெரிதாக விழுந்ததில்லை. கால்மிதி ரப்பரின் தேய்மானம் மீட்டரில் ஓடிய தூரத்துக்குப் பொருத்தமாக இருந்தது, அதனால் மீட்டரைத் திருப்பவில்லை. பிரேக் தட்டு தேய்மான வரம்பைத் தொடவில்லை. ஒரு குறைகூட இல்லாமல் வண்டி ஒழுங்காக இருந்ததே விஹ்ராவுக்குப் பொறுக்கவில்லை.

பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களிலும் எண்ணெய் வழிந்திருப்பதைக் கண்டாள். அதன் பிறகு இந்த மூடி.

"என்ன ஆச்சு?" என்றாள் சோர்னிட்சா.

விஹ்ரா மூடியைக் காட்டினாள்.

"வெள்ளையா இருக்கே. அது கெட்டதா?"

"இன்ஜினே போச்சுன்னு அர்த்தம் டாக்டர்" என்று பிசேர் சுவரை விட்டு வந்தான். "ஒக்னியான் அண்ணே, உங்களுக்காகச் சொல்றேன். பாதி விலைக்கு நான் எடுத்துக்கறேன். இப்பவே வண்டில ஏத்திடலாம்."

ஒக்னியானின் முகம் வெளுத்துப்போனது. "போன கோடையில கிரீஸ் வரைக்கும் போய் வந்த வண்டிடா இது. ஒரு சொட்டு ஆயில் குறையல."

"எனக்கு வேணாங்க. நான் வரேன்" என்று சோர்னிட்சா கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

விஹ்ரா வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். பாதி விலையென்றால் அவளுக்கும் கட்டுப்படியாகும், பிசேரைவிட ஒரு காசு கூடக் கேட்டால் ஒக்னியான் அவளுக்குத்தான் தருவார். ஆனால் மூடி அவள் மூக்குக்கு அருகில் இருந்தது, அதிலிருந்து வந்த வாடை இன்ஜினுடையது இல்லை. சூடுபட்டுத் திரிந்த புளிப்பு வாடை.

பொய்க்கணக்கு எழுதியவர்களைப் பத்து வருடம் பிடித்த மூக்கு அது. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

"நில்லு. எங்கயும் போகாத" என்றாள். விரலால் வழித்து முகர்ந்து, சந்தேகம் தீர ஒரு துளியை நாக்கில் வைத்தாள். "இது தயிர்."

முன்குழாயில் இருந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்தாள். வறுத்த சூரியகாந்தி விதை வாடை அடித்தது. உண்மையாகவே கசிகிற குழாயில் தூசி சேர்ந்து கறுப்பு வளையம் கட்டியிருக்கும், இதில் ஒரு தூசி இல்லை. "இது சமையல் எண்ணெய். வண்டி நல்லா இருக்கு. யாரோ கெட்டுப்போன மாதிரி வேஷம் போட்டிருக்காங்க."

பிசேர்தான் முதலில் சிரித்தான்.

"நேத்து சாயங்காலம் இதே முத்தத்துல உட்கார்ந்து, 'மூடியத் தொறந்தா உள்ள வெள்ளையா தயிராட்டம் ஒட்டியிருக்கும்'னு சொன்னது யாரு விஹ்ரா? முன்குழாயில எண்ணெய் இருக்கான்னு தடவிப் பார்ப்பேன்னு சொன்னது யாரு?"

அவளேதான். நேற்று மாலை ஒக்னியான் அவளையும் பிசேரையும் பிளம் சாராயத்துக்குக் கூப்பிட்டிருந்தார். வண்டியைக் கடைசியாக ஒருமுறை காட்ட வேண்டும் என்றார். இரண்டு கோப்பைக்குப் பிறகு விஹ்ரா, மறுநாள் என்னென்ன பார்ப்பாள் என்று ஒவ்வொன்றாக அளந்துவிட்டாள். பொறாமையில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டாள். மேசையில் வெள்ளரிக்காய் போட்ட தயிர்க் கிண்ணமும், எண்ணெய்ப் புட்டியும், கொட்டகைச் சாவியும் மாலை முழுக்கக் கிடந்தன.

"இந்த வண்டி மேல இவ எப்படிக் கண்ணு வெச்சிருந்தான்னு ஊருக்கே தெரியும்" என்றான் பிசேர். "மதிப்பீட்டுக்காரம்மா தானே கெடுத்துட்டு தானே மதிப்பும் குறைக்கறாங்கன்னு உன் ஆபீஸுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க?"

சோர்னிட்சா அவளைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ஒக்னியான் தரையைப் பார்த்தார். விஹ்ராவின் காதெல்லாம் சுட்டது. ஆசைப்பட்டது உண்மை. வேலை போனால் இந்த ஊரில் அவள் சொல்லை இனி யார் நம்புவார்கள்?

"பத்து நிமிஷம் குடுங்க" என்றாள். "யார் செஞ்சதுன்னு சொல்றேன். சொல்ல முடியலன்னா நானேதான்னு வெச்சுக்கோங்க."

உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்தாள். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் செய்ய வேண்டியது அது. ஆத்திரத்தில் இன்று மறந்துபோயிருந்தாள். இன்ஜினில் இன்னும் லேசான சூடு இருந்தது.

"ஒக்னியான் அண்ணே. காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லையே."

"அண்ணே."

"கொஞ்ச நேரம்" என்றார் அவர். "பாட்டரிக்காக."

"பாட்டரிக்காகவா?"

"சரி சரி. குளிர்ல முதல் தடவை எடுக்கறப்ப லேசா கடகடன்னு ஒரு சத்தம் வரும். எல்லா வண்டியிலயும் வர்றதுதான். டாக்டர் பயந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

"என்கிட்ட வேலையக் காட்டறீங்களா அண்ணே?" என்றாள் சோர்னிட்சா.

"விக்கறவன் எல்லாரும் செய்யறதுதான்மா" என்று பிசேர் அவருக்காகப் பரிந்து பேசினான்.

"எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க?" என்றாள் விஹ்ரா.

"ஏழு இருக்கும். அப்புறம் பூட்டிட்டு, சாவிய மாட்டிட்டு, ரொட்டி வாங்கப் போனேன்."

"அப்ப முன்குழாய்ல எண்ணெய் இருந்துச்சா?"

"கவனிக்கல. கொட்டகை இருட்டு."

"வேற ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

அவர் யோசித்தார். "கையுறை கண்ணாடிக் கம்பியில இருந்த மார்தெனிட்சாக் கயித்துல மாட்டிக்கிச்சு. எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்."

விஹ்ரா பின்னால் வருவதைக் காட்டும் இடது கண்ணாடியைப் பார்த்தாள். கம்பியில் கயிறு இல்லை. சிவப்புச் சாயம் ஏறிய மெல்லிய வளையம் மட்டும் இருந்தது.

நேற்று மாலை அவளே அதைப் பார்த்திருந்தாள். மார்ச் முதல் தேதி ஒருவருக்கொருவர் கட்டிவிட்டு, மரம் பூத்ததும் கழற்றி அதில் கட்டும் சிவப்பு வெள்ளைக் கயிறு, நடுவில் ஒரு நீல மணி. கிளப்பில் சோர்னிட்சா எல்லோருக்கும் கயிறு கொடுத்தாள், இந்த வண்டிக்கும் ஒன்று கட்டினாள். விஹ்ராவுக்குக் கிடைத்ததில் மணி இல்லை. வண்டிக்கு மட்டும் மணியா என்று நேற்றும் உள்ளுக்குள் பொருமியது நினைவு வந்தது.

"கயிற அவுத்தீங்களா அண்ணே?"

"நான் ஏன் அவுக்கப் போறேன்? ஸ்டாங்கா எனக்குக் கட்டினத மட்டும் முந்தாநாள் கழட்டி பிளம் மரத்துல கட்டினேன். மரம் பூத்துடுச்சே."

"பிசேர், நீ?"

"எனக்கெதுக்கு அந்தக் கயிறு? பேச்ச மாத்தாத."

"மாத்தல. இப்பதான் விஷயத்துக்கே வரேன்." மூடியைப் பிசேரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உன் வாழ்நாள்ல எத்தன கெட்ட இன்ஜின் மூடியப் பார்த்திருப்ப?"

"கணக்கே இல்ல."

"அந்தக் கலங்கல் என்ன நிறம்?"

பிசேர் பதில் சொல்ல வாயெடுத்தான். சிகரெட் கையிலேயே நின்றது. "பால் ஊத்தின காப்பி நிறம்" என்றான் மெதுவாக.

"ஆமா. பழுப்பு. தண்ணியோட கலக்கறது பழைய ஆயிலாச்சே. நான் செஞ்சிருந்தா தயிர்ல ரெண்டு சொட்டு ஆயில் விட்டுக் கலக்கியிருப்பேன். நீயா இருந்தாலும் அதேதான். ஒக்னியான் அண்ணனுக்கும் தெரியும். இது பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. செஞ்சவங்க இந்தக் கலங்கலக் கண்ணால பார்த்ததே இல்ல. காதால கேட்டவங்க. நான் குடிபோதையில 'வெள்ளையா, தயிராட்டம்'னு சொன்னத அப்படியே நம்பினவங்க."

நேற்று அந்த மேசையருகே இருந்தவர்கள் அவளையும் சேர்த்து நான்கு பேர். சோர்னிட்சா அங்கே இல்லை. மூவர் இன்ஜின் தெரிந்தவர்கள். நான்காவது ஆள் உட்காரவே இல்லை, தட்டு வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

எல்லோருடைய பார்வையும் சமையலறை வாசலுக்குப் போனது. ஸ்டாங்கா பனிட்சாத் தட்டை இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"என்னம்மா உளர்ற" என்றார் ஒக்னியான். "இந்த வண்டிய விக்கச் சொல்லி தினம் என் தலைய உருட்டறவளே அவதான். வண்டி தொலைஞ்சா நேர்த்திக்கடன் செலுத்தற ஆளு. வித்தா சந்தோஷப்படப் போறது அவதானே?"

அதுதான் விஹ்ராவையும் தடுத்தது. வண்டி போக வேண்டும் என்று மிகவும் விரும்பியவள், போகாமல் ஏன் தடுக்க வேண்டும்? ஆனால் கயிறு போயிருந்தது. வண்டியைக் கெடுக்க வந்தவருக்குக் கயிற்றோடு வேலையில்லை. அதை எடுத்தவருக்கு அந்தக் கயிறே உறுத்தியிருக்க வேண்டும். எடுத்த கயிறு எங்கே?

"எல்லாரும் வாங்க" என்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள்.

சமையலறை ஜன்னலுக்கு நேரே பிளம் மரம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. தாழ்ந்த கிளையில் இந்த வீட்டின் கயிறுகள் மூன்று நான்கு கட்டியிருந்தன. அவற்றைவிட்டு ஒதுங்கி, வேறொரு கிளையில் தனியாக ஒரு கயிறு. மழைபட்டுச் சாயம் போயிருந்தது. நடுவில் நீல மணி.

"மூடியில தயிர் தடவினவங்க கயிற அடுப்புல போட்டிருக்கலாம், குப்பையில போட்டிருக்கலாம்" என்றாள் விஹ்ரா. "நம்ம ஊர்ல யாருக்குமே அதுக்குக் கை வராது. கட்டினவங்களுக்குக் கெடுதல் வந்துடுமேன்னு பயம். ஆத்திரத்துல அவுத்தாலும் பூத்த மரத்துல கொண்டுவந்து கட்டத்தான் தோணும். ஏழு மணிக்கு வண்டியில இருந்த கயிறு இப்ப உங்க ஜன்னலுக்கு நேரா இருக்கு. நீங்கதான் ஸ்டாங்கா அக்கா."

ஸ்டாங்கா தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மறுக்கவில்லை.

"அக்டோபர்ல இருந்து வண்டியக் கொட்டகைய விட்டு எடுக்கலன்னு சொன்னார் இவர்" என்றாள். யாரையும் பார்க்காமல் மரத்தைப் பார்த்துப் பேசினாள். "மார்ச் ஒண்ணாந்தேதி தம்பியோட தேன்கூடு பார்க்கப் போறேன்னார். காலையில இவர் ரொட்டிக்குப் போனதும், கடைசியா அந்தப் பிசாச ஒரு தடவ பார்த்துட்டு வரலாம்னு போனேன். பார்த்தா மணி வெச்ச கயிறு தொங்குது. நான் கட்டினது இல்ல. இந்த வருஷக் கயிறு, மழைல நனைஞ்சிருக்கு. அப்ப வண்டி வெளிய போயிருக்கு. யாரோ ஒருத்தி கட்டியிருக்கா."

"கிளப்புக்குத்தான்டி போனேன். சொன்னா சண்ட பிடிப்பியேன்னு..."

"யாரு கட்டினதுன்னு கேட்டனா? வாங்கப் போறவதான் கட்டினாங்கறது எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால இவ வண்டி நடுவழியில நின்னப்ப, கிரீஸ்ல இருந்து இவர் பின்னாடிதானே உட்கார்ந்து வந்தா. அந்த வண்டிய யாரு வேணா எடுத்துட்டுப் போகட்டும். பிசேருக்கு வித்தா பழைய இரும்புக்குப் போட்டாக்கூட சந்தோஷம். இவ மட்டும் அதுல உட்காரக் கூடாது."

"பின்னாடி உட்கார்ந்தா என்ன ஆயிடும்?" என்றார் ஒக்னியான்.

அப்போதுதான் அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பதினோரு வருஷமா அந்த வண்டி இந்த வீட்ல இருக்கு. ஒரே ஒரு தடவ, 'ஸ்டாங்கா, ஏறு'ன்னு சொல்லியிருக்கியா?"

"உனக்கு வண்டின்னா பிடிக்காதே."

"கேட்டியா?"

ஒக்னியான் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோர்னிட்சா தொண்டையைச் செருமினாள். "அக்கா, அந்தக் கயிறு அண்ணனுக்கு இல்ல. வண்டிக்குத்தான் கட்டினேன். எப்படியாவது எனக்குக் கிடைக்கணும்னு ஆசை. நீல மணி எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். கண்ணு படக் கூடாதுன்னு."

"யாரு கண்ணு?" என்றாள் ஸ்டாங்கா.

சோர்னிட்சா சொல்லத் தயங்கினாள். பிசேர் தயங்கவில்லை. விஹ்ராவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவன், இருமல் வந்த பிறகுதான் நிறுத்தினான்.

விஹ்ராவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. யார் செய்தார்கள் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரிக்குக் கிடைத்த பரிசு அதுதான். மணி வேலை செய்யவில்லை என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் இன்னும் கேவலம். பேசாமல் கொட்டகைக்குப் போய் மூடியைத் துடைத்து, குழாய்களைத் துடைத்து, "இந்த ஆயில மாத்திட்டு ஓட்டு. மத்தபடி இதுமாதிரி வண்டி இந்த மாவட்டத்துல இல்ல" என்று சோர்னிட்சாவிடம் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் பல் பிடுங்குகிற வலியோடுதான் வந்தது.

"சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்க" என்றான் பிசேர், சும்மா ஒப்புக்கு.

"என் ஆபீஸுக்கு என்ன சொல்லப் போற?"

"என்ன சொல்றது? தயிரத் தின்னு வழக்க முடிச்சான்னு சொல்றேன்."

ஒக்னியான் வண்டியருகே வந்து பின் இருக்கையில் கை வைத்தார். "ஸ்டாங்கா, விக்க வேணாம். இப்ப ஏறுறியா?"

"அவ மணி கட்டின வண்டியிலயா?" என்றாள் ஸ்டாங்கா. "குடுத்துத் தொலை. வேற வாங்கினா அப்பப் பார்க்கலாம்."

ஆயில் மாற்றி, புதுசு ஊற்றி, பத்திரத்தில் கையெழுத்து முடிய மதியமாகிவிட்டது. சோர்னிட்சா ஹெல்மெட்டை மாட்டி வண்டியில் உட்கார்ந்தாள். யாரும் நகரவில்லை. புது வண்டி வாசலைத் தாண்டும் முன் வீட்டுப் பெண் சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் ஊற்ற வேண்டும், பயணம் நீரோட்டமாகப் போவதற்கு. இந்த வீட்டுப் பெண் ஊற்றுவாளா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஸ்டாங்கா உள்ளே போனாள். செம்புச் சொம்போடு வந்தாள். முகத்தில் கனிவு மருந்துக்கும் இல்லை. ஆனாலும் குனிந்து, சக்கரத்தின் முன்னால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள்.

வண்டி ஈரத்தைத் தாண்டி, தெருவில் இறங்கி, முதல் வளைவில் சத்தமில்லாமல் சாய்ந்து மறைந்தது. பிசேர் போய்விட்டான். ஒக்னியான் வாசலிலேயே நின்று, காலியான சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஹ்ராவும் ஸ்டாங்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"உனக்கும் எரியுதா?" என்றாள் ஸ்டாங்கா.

"எரியுது அக்கா."

"உள்ள வா. தயிர் மிச்சம் இருக்கு."